தொடர்ந்து தோற்கும் பேஸ்பால் அணி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

அணி பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டது. மேனேஜரைத் தூக்கு என்கிறது ஒரு கூட்டம். வீரர்களுக்கு ரோஷம் இல்லை என்கிறது இன்னொன்று. காலுறையைத் துவைக்காமல் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் ஆடுகிறவர்களிடையே உண்டு. யார் சொல்வது சரி என்பது அப்புறம். முதலில் வெற்றி தோல்விப் பட்டியலை மூடி வையுங்கள். பழுது இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது.

தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி போட்டு ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை ரன் எடுத்தார்கள், எத்தனை ரன் கொடுத்தார்கள், ஸ்டார்ட்டர் எத்தனை இன்னிங்ஸ் வீசினார், அவருக்குப் பிறகு எத்தனை பேர் வந்து வீசினார்கள், எந்த இன்னிங்ஸில் பின்தங்கியது கடைசிவரை மீளவில்லை. எந்த ஸ்கோர் அட்டையிலும் இவ்வளவும் இருக்கும். கால் மணி நேர வேலை.

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு குறிப்பு. (இன்னிங்ஸ் என்பது இங்கே இரு அணியும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது, சமனானால் மேலும் நீளும்.) அமெரிக்க மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது, பெரும்பாலும் தினமும். முதலிடத்தில் முடிக்கிற அணியே அறுபது எழுபது ஆட்டம் தோற்றிருக்கும். இரண்டாவது, முதல் இன்னிங்ஸிலிருந்து பந்து வீசுகிற ஸ்டார்ட்டர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். அவர் களைத்ததும் ரிலீவர்கள் வருவார்கள். அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒரே பெயர், புல்பென். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பவர் க்ளோசர். ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. கீழே வரும் பழுதுகளில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து கிளம்புகிறவை.

அறிகுறி: ஆறேழு ஆட்டம் தோல்வி, ஆனால் ரன் கணக்கு மோசமில்லை

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடுத்த ரன்னை அதே எண்ணால் பெருக்குங்கள். கொடுத்த ரன்னையும் அப்படியே. முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த ரன்களுக்கு எத்தனை பங்கு ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று வரும். பத்து ஆட்டத்தில் 38 ரன் எடுத்து 45 கொடுத்திருந்தால் 0.416. அதாவது பத்துக்கு நாலு ஜெயித்திருக்க வேண்டிய அணி. பத்தும் தோற்றிருக்கிறது என்றால் அதில் நாலு, ரன்கள் தப்பான நாளில் வந்து விழுந்ததால் போனவை.

இந்த நிலையில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும், ஆனாலும் அதுதான் பதில். நாணயம் சுண்டியதுபோல் தினமும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஓர் அணி, 162 ஆட்டத்தில் ஒருமுறையாவது தொடர்ந்து ஏழு தோற்பதற்கான வாய்ப்பு 45 விழுக்காட்டுக்கு அருகில் வருகிறது. பத்து தோற்பதற்கு 7 விழுக்காடு. கொஞ்சம் பலவீனமான அணி, பத்துக்கு நாலு ஜெயிக்கிற அணி என்றால், தொடர்ந்து பத்து தோற்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றை நெருங்கிவிடுகிறது. லீக்கில் 30 அணிகள். எங்காவது ஒன்று எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

நாணயக் கணக்கு இன்றைய ஆட்டத்துக்கும் நாளைய ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டு போடுவது. நிஜத்தில் தொடர்பு உண்டு. அது எங்கே உண்டு என்று தேடுவதுதான் மீதி வேலை.

அறிகுறி: ஏழாவது இன்னிங்ஸ்வரை முன்னிலை, அப்புறம் தோல்வி

நோட்டில் எழுதிய ஐந்தாவது விஷயத்தைப் பாருங்கள். 8, 9, 9, 7, 10 என்று எண்கள் வந்தால் பழுது புல்பென்னில். கண்டுபிடிக்க எளிது, சரிசெய்யக் கஷ்டம்.

இதற்கு 1998-இல் ஜப்பானின் சிபா லோட்டே மரீன்ஸ் அணியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்தப் பருவத்தில், ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கிலேயே பேட்டிங் சராசரியில் முதலிடம் அவர்களுக்கு. ரன் கொடுக்கும் சராசரியில் இரண்டாமிடம். அணிகள் மொத்தம் ஆறு. முடித்த இடம் ஆறாவது, 61 வெற்றி, 71 தோல்வி. ஜூன் நடுவிலிருந்து ஜூலை 8 வரை 18 தோல்வி, நடுவில் ஒரு சமன். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் இன்றும் அதுதான் நீளமான தொடர்.

இவ்வளவு நல்ல அணி எப்படித் தோற்றது? க்ளோசர் தடுமாறினார். கடைசி இன்னிங்ஸை நம்பி ஒப்படைக்க ஆள் இல்லை. மேனேஜர் கோந்தோ அகிஹிதோ என்ன செய்தார் என்றால், தன் சிறந்த ஸ்டார்ட்டர்களில் ஒருவரான குரோகி தொமோஹிரோவை இழுத்துக் கடைசி இன்னிங்ஸுக்கு வைத்தார். ஒரு ஓட்டையை அடைக்க நல்ல சுவரிலிருந்து செங்கலை உருவிய கதை. குரோகிக்கும் அந்த வேலை பிடிபடவில்லை. மறுபடி ஸ்டார்ட்டர் ஆனார்.

ஜூலை 7, கோபே. எதிரணி ஒரிக்ஸ் ப்ளூவேவ். அதற்குள் 16 தோல்வி ஆகியிருந்தது. குரோகி தொடங்கினார், ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை அவரே வீசினார். 3-1 முன்னிலை, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் போதும் (பேட்டர் அடிக்கத் தவறுகிற நல்ல பந்து ஸ்டிரைக், மூன்றானால் அவுட்). பிரிமெரா என்ற பேட்டர் அந்தப் பந்தை ஸ்டாண்டுக்குள் அனுப்பினார், ஹோம் ரன். இரண்டு ரன், ஆட்டம் சமன். குரோகி பந்து வீசும் மேட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஒரிக்ஸ் நாலு ரன் ஹோம் ரன் அடித்து முடித்தது. அன்று தனபாதா, நட்சத்திரத் திருநாள். ஜப்பானியர்கள் அந்த ஆட்டத்தை இன்றும் தனபாதா சோகம் என்றுதான் சொல்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் விதி என்று தோன்றும். பழுது பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒன்பதாவது இன்னிங்ஸில், அவ்வளவு களைப்பில், ஏன் இன்னும் குரோகியே வீசிக்கொண்டிருந்தார்? பின்னால் நம்பகமான ஆள் இல்லை என்பதால். ஸ்கோர் அட்டையில் அந்த ஹோம் ரன் ஸ்டார்ட்டர் கணக்கில் ஏறும். பழுது புல்பென்னுடையது.

இந்த வகைப் பழுதில் தோல்வி தோல்வியைக் குட்டி போடும். விளக்கமாகவே சொல்கிறேன். ரிலீவர் ஒருவர் வரிசையாக மூன்று நாள் வீசினால் நாலாவது நாள் அவரை எழுப்பக் கூடாது. ஆக மேனேஜர் கையில் எட்டு ரிலீவர்கள் இருந்தாலும், இன்றிரவு உண்மையில் வீசக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான். நேற்று ஸ்டார்ட்டர் மூன்றாவது இன்னிங்ஸில் அடி வாங்கிப் போனார் என்றால், மீதி ஆறு இன்னிங்ஸைத் தூக்கிச் சுமக்க நாலு பேர் செலவாகியிருப்பார்கள். இன்று ஸ்டார்ட்டர் அருமையாக வீசி 4-3 என்று கொடுத்துவிட்டுப் போகிறார். கூப்பிடக் கூடியவர்களில் நல்லவர் யாரும் மிச்சமில்லை. நேற்றைய 11-2 தோல்வி இன்றைய 5-4 தோல்வியைப் பெற்றெடுத்தது. பத்திரிகையில் இரண்டும் தனித்தனிச் செய்தி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் க்ளோசருக்கு வேலையே வராது, ஏனென்றால் அவர் முன்னிலையைக் காக்கத்தான் இருக்கிறார். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தவருக்குக் கை விறைக்கும். சரி, கொஞ்சம் பழகட்டும் என்று 9-3 என்று தோற்கிற ஆட்டத்தில் இறக்குவார்கள். மறுநாள் பார்த்து முன்னிலை கிடைக்கும். க்ளோசர் நேற்று வீசிவிட்டார்.

செய்ய வேண்டியது: கீழ் லீக்கிலிருந்து இரண்டு புதுக் கைகளைக் கூப்பிடுங்கள். பெரிய திறமைசாலிகளாக இருக்க வேண்டியதில்லை, களைக்காதவர்களாக இருந்தால் போதும். எட்டு ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கிவிட்டால் ஃபீல்டர் ஒருவரையே பந்து வீசவைக்க விதி இடம் தருகிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், செய்யுங்கள். அன்று பட்ட அவமானத்தில் நாளைக்கு ஒரு ரிலீவர் மிச்சம்.

அறிகுறி: ரன்னே வரவில்லை

கொடுத்த ரன் வழக்கம்போல, எடுத்த ரன் மட்டும் 1, 2, 0, 3, 1 என்று இருந்தால் பேட்டிங். உடனே யாரையும் மாற்றாதீர்கள். முதலில் மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, ஸ்டிரைக் அவுட். இரண்டு, வெளியே போகிற பந்துகளை அடிக்காமல் விட்டு, நாலு சேர்ந்ததும் முதல் பேஸை இலவசமாக வாங்குகிற வாக். இந்த இரண்டும் பருவத்தின் முந்தைய அளவிலேயே இருந்தால் பேட்டர்களின் கண் கெடவில்லை. மூன்று, மைதானத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயிற்று, அதாவது அடித்தவர் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார். லீக் முழுக்க எடுத்துப் பார்த்தால் இது பத்துக்கு மூன்றை ஒட்டி நிற்கும். உங்கள் அணிக்கு இரண்டு வாரமாக பத்துக்கு இரண்டுதான் என்றால், நல்ல அடிகள் நேராக ஃபீல்டர் கைக்குப் போகின்றன என்று பொருள். தானாகத் திரும்பும்.

வாக் குறைந்து ஸ்டிரைக் அவுட் ஏறியிருந்தால்தான் கவலை. தோற்கிற அணியின் பேட்டர் ஒவ்வொருவரும் நான் ஒருவனே அடித்து முடித்துவிடுகிறேன் என்று இறங்குவார். வெளியே போகிற பந்தைத் துரத்துவார். எதிரணிப் பிட்சர் இதைக் கண்டுகொள்ள ஒரு சுற்றுப் போதும், அப்புறம் ஸ்டிரைக் பகுதிக்குள் பந்தே போடமாட்டார். பயிற்சியாளர் இங்கே செய்யக்கூடிய வேலை உண்டு: அடிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, விடச் சொல்வது.

1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்தே தோற்றது. முதல் நாளே 12-0. கால் ரிப்கன் ஜூனியரும் எடி மர்ரியும் இருந்த அணி. இருவரும் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் 21 ஆட்டம், 21 தோல்வி. அந்த 21-இல் எடுத்தது 44 ரன், கொடுத்தது 129. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 0.104 வருகிறது. இருபத்தொன்றில் இரண்டு ஜெயித்திருக்கலாம், அவ்வளவுதான். அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல அங்கே இடமே இல்லை.

அந்த நகரத்து வானொலி அறிவிப்பாளர் பாப் ரிவர்ஸ், அணி ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டுப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். 258 மணி நேரம் ஆயிற்று. ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் 9-0 என்று ஜெயித்த பிறகுதான் மனிதர் வீட்டுக்குப் போனார். ஊர் திரும்பிய அணியைப் பார்க்க 50,402 பேர் திரண்டார்கள். தோற்ற அணிக்கு அவ்வளவு கூட்டம். பால்டிமோர்க்காரர்களை எனக்குப் பிடிக்க அந்த ஒரு இரவு போதும்.

பெரிய பேட்டர் ஒருவர் தனியாக முடங்குவதும் இந்த வகைதான். 2022-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் தொடர்ந்து 14 தோற்றபோது மைக் ட்ரவுட் வரிசையாக 26 முறை ஹிட் இல்லாமல் திரும்பினார், அவர் வாழ்க்கையிலேயே மோசமான தொடர். மே மாதத்தில் 27-17, அதாவது 27 வெற்றி 17 தோல்வி என்று இருந்த அணி அது. ஆனால் 14 தோல்வி ஒருவரால் வராது. பேட்டிங் வரிசையில் இருப்பது ஒன்பது பேர், ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் நாலைந்து முறைதான் மட்டை கைக்கு வரும். ட்ரவுட் அடிக்காததால் தோற்றார்கள் என்று யாராவது சொன்னால், நோட்டில் கொடுத்த ரன் பத்தியையும் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஆட்டம் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது

ஸ்டார்ட்டர் வீசிய இன்னிங்ஸ்: 3, 4, 2, 5, 4. இப்படி இருந்தால் பழுது ஸ்டார்ட்டர்களில். மேலே சொன்ன புல்பென் களைப்பு இதன் பின்விளைவாக ஒரு வாரம் கழித்து வரும். அப்போது இரண்டு அறிகுறியும் சேர்ந்து தெரியும், எது முன்னால் வந்தது என்று தேதி வைத்துத்தான் பிரிக்க முடியும். நோட்டுப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

இங்கே செய்யக்கூடாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்: ஐந்தில் இரண்டு பேர்தான் நன்றாக வீசுகிறார்களா, அவர்களையே அடிக்கடி வீசவைப்போம்.

1964, பிலடெல்பியா ஃபில்லீஸ். பருவம் முடிய 12 ஆட்டமே மிச்சம், பட்டியலில் அடுத்த அணியைவிட ஆறரை ஆட்ட முன்னிலை. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக் பட்டம் கையில் வந்துவிட்டது என்றுதான் ஊரே நினைத்தது. செப்டம்பர் 21 அன்று சின்சினாட்டிக்கு எதிராக 0-0 என்று இருக்கும்போது, சீக்கோ ரூயிஸ் என்ற சின்சினாட்டி வீரர், யாரும் பந்தை அடிக்கும் முன்பே, மூன்றாவது பேஸிலிருந்து ரன் விழும் இடமான ஹோமுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். மட்டையைப் பிடித்து நின்றவர் ஃபிராங்க் ராபின்சன், அணியின் ஆகப் பெரிய அடிக்காரர். அவர் அடிக்கக் காத்திருக்கும்போது இவர் ஓடுவார் என்று யார் எதிர்பார்ப்பார்? ரன் விழுந்தது. 1-0 தோல்வி.

அது ஒரு தோல்விதான். மேனேஜர் ஜீன் மாக் பதறினார். ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் என்று தன்னிடமிருந்த இரண்டு நல்ல ஸ்டார்ட்டர்களை இரண்டே நாள் ஓய்வில் மறுபடி மறுபடி இறக்கினார். வழக்கமான ஓய்வில் சிங்கமாக வீசுகிறவர்கள், அரை ஓய்வில் சாதாரணப் பிட்சர்கள் ஆனார்கள். பத்து ஆட்டம் தொடர்ந்து போயிற்று. பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போயிற்று. அங்கே நோய் செய்த சேதத்தைவிட மருந்து செய்த சேதம் அதிகம் என்பது என் எண்ணம். ரூயிஸ் ஓட்டத்தைச் சாபம் என்று பேசிக்கொண்டிருப்பது ரசிகர்களுக்குச் சுகமாக இருந்தது, பன்னிங்கின் தோளைப் பற்றிப் பேசுவது அவ்வளவு சுவாரசியம் இல்லை.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. நல்ல இருவரின் ஓய்வைத் தொடாதீர்கள். மற்ற மூன்று நாளில் தோற்றால் தோற்கட்டும். ஐந்துக்கு இரண்டு ஜெயித்தாலும் தொடர் அறுந்துவிடும்.

அறிகுறி: பிழைகள், ஓட்டக் குழப்பம், கேட்ச் விடுவது

இது கண்ணில் படுகிற அளவுக்குக் கணக்கில் பெரிதாக இராது. தோற்கிற அணியின் தவறுகளை டிவியில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஜெயிக்கிற அணி விட்ட கேட்சை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஷார்ட்ஸ்டாப்போ கேட்சரோ காயத்தில் போய், பழக்கமில்லாதவர் அந்த இடத்தில் நின்றால் மட்டும் இதைத் தனிப் பழுதாக எடுங்கள்.

அறிகுறி: எல்லாப் பத்தியும் மோசம்

ரன் வரவில்லை, ஸ்டார்ட்டர் நிற்கவில்லை, புல்பென் காக்கவில்லை. எந்தத் திருகை முறுக்குவது என்று தெரியவில்லை. இப்போது மைதானத்தை விட்டுவிட்டு, வீரர்களை வாங்கி விற்கிற தலைமை அலுவலகத்தைப் பார்க்க வேண்டும்.

2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. மே, ஜூனில் தொடர்ந்து 14 தோல்வி. ஜூலை 10-இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி, மற்றப் பிரிவான அமெரிக்கன் லீக்கில் 1988 பால்டிமோர் வைத்திருந்த உச்சத்துக்குச் சமம். பருவ முடிவில் 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு ஒரே பருவத்தில் இவ்வளவு ஆட்டம் தோற்ற அணி வேறில்லை. 1962-இல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 அதுவரை உச்சம்.

எடுத்த ரன் 507, கொடுத்தது 813. கணக்குப் போட்டால் 45 வெற்றி வருகிறது. கிடைத்தது 41. ஆக அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்லிக்கொள்ள நாலு ஆட்டம்தான் தேறும், மீதி முழுக்கத் தகுதி. முதல் அறிகுறியில் போட்ட நாணயக் கணக்கை இங்கே திரும்பப் போட்டால் சுவையான விடை வரும். பாதிக்குப் பாதி ஜெயிக்கிற அணி ஒரு பருவத்தில் தொடர்ந்து 21 தோற்பது முப்பதாயிரத்தில் ஒன்று. நாலுக்கு ஒன்று மட்டும் ஜெயிக்கிற அணிக்கு அதே தொடர் வருவதற்கான வாய்ப்பு 8 விழுக்காடு. மோசமான அணிக்கு நீளமான தொடர் வர, சாபமும் வேண்டாம், மனச்சோர்வும் வேண்டாம். மோசமாக இருந்தாலே போதும்.

எப்படி அவ்வளவு மோசமாக ஆனார்கள்? பருவம் தொடங்கும் முன்பே முதல்தரப் பிட்சர் டிலன் சீஸை சான் டியாகோவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஜூலை இறுதியில், தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, எரிக் ஃபெட்டியைக் கொடுத்தார்கள். எதிர்காலத்துக்காக இளம் வீரர்களைச் சேர்க்கும் திட்டம். மிச்சமிருந்த பெரிய கை காரெட் க்ரோஷே. முந்தைய ஆண்டுகளில் ரிலீவராக மிகக் குறைவாக வீசியவர், தோளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜூலையிலிருந்து அவரை நாலு இன்னிங்ஸ் அளவில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு நல்லது. ஆனால் அணியின் ஆகச் சிறந்த பிட்சர் வீசுகிற நாளிலும் மீதி ஐந்து இன்னிங்ஸுக்கு அதே புல்பென்தான்.

இந்த நிலையில் நாளைய ஆட்டத்துக்கு வைத்தியம் கிடையாது. விற்கிறவர்களின் கணக்கு வேறு: இன்று தோற்றால் நாளை நல்ல இளம் வீரர் கிடைப்பார். ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸ் 2011-இல் 106, 2012-இல் 107, 2013-இல் 111 ஆட்டம் தோற்றது. 2013-ஐத் தொடர்ந்து 15 தோல்வியோடு முடித்தது. 2017-இல் மேஜர் லீக்கின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றது. (அந்த ஆண்டு எந்தப் பந்து வீசுவது என்று எதிரணி கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியதும் பிற்பாடு நிரூபணமாயிற்று.) எல்லா அணிக்கும் அந்த வழி திறக்காது. நம் அணி திட்டம் போட்டுத் தோற்கிறதா, திட்டமே இல்லாமல் தோற்கிறதா என்று ரசிகர் தெரிந்துகொள்வது நல்லது, டிக்கெட் விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

உரிமையாளரே பழுதாக இருந்ததும் உண்டு. 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் முதலாளிகள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, சை யங் உட்பட நல்ல வீரர்களையெல்லாம் அங்கே கொண்டுபோனார்கள். ஸ்பைடர்ஸ் 20 வெற்றி, 134 தோல்வி. அதில் ஒருமுறை தொடர்ந்து 24. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது!

மேனேஜரை மாற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை

நிற்காது. 1988 பால்டிமோர் ஆறாவது தோல்வியோடு கால் ரிப்கன் சீனியரைத் தூக்கியது. அணியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு மகன்களின் கண்முன்னே. சின்சினாட்டிக்காக ரூயிஸ் ஓடியபோது மட்டையோடு நின்ற அதே ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றார். மேலும் 15 தோல்வி. 2022 ஏஞ்சல்ஸ் 12 தோல்விக்குப் பிறகு ஜோ மேடனை நீக்கியது. இன்னும் இரண்டு தோற்றது. அந்த இரண்டாவது நாளில் பேட்டர்கள் எல்லோரும் நிக்கல்பேக் இசைக்குழுவின் பாட்டைப் போட்டுக்கொண்டு களமிறங்கினார்கள், அதுவும் உதவவில்லை. தென் கொரியாவின் ஹன்வா ஈகிள்ஸ் 2020-இல் 14 தோற்றதும் ஹான் யோங்-டொக் விலகினார். அடுத்து வந்தவர் ஒரே அடியில் பத்து வீரர்களைக் கீழே அனுப்பினார். மேலும் நாலு தோல்வி, மொத்தம் 18, 1985 சம்மி சூப்பர்ஸ்டார்ஸ் வைத்திருந்த கொரியச் சாதனைக்குச் சமம்.

எதிர்க்கட்சி 2022 ஃபில்லீஸைக் காட்டும். 22-29 என்று இருந்தபோது ஜோ ஜிரார்டியை நீக்கினார்கள், ராப் தாம்சன் வந்தார், அணி உலகத் தொடர்வரை போயிற்று. சரிதான். ஆனால் அது உள்ளே நல்ல அணி. ரன் கணக்கு நன்றாக இருக்கிற அணி எப்படியும் மேலே வந்தே தீரும், வரும்போது யார் நாற்காலியில் இருக்கிறாரோ பெயர் அவருக்கு.

1961 ஃபில்லீஸ் மேனேஜரை மாற்றவே இல்லை. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 20 வரை தொடர்ந்து 23 தோல்வி, 1900-க்குப் பிறகு மேஜர் லீக்கில் இதைவிட நீளமானது இல்லை. மேனேஜர் யார் என்றால் அதே ஜீன் மாக், 1964-இல் பதறப்போகிறவர். அவரை வைத்தே அடுத்த பருவம் ஆடினார்கள். 47-107 என்று முடிந்த அணி 81-80 ஆயிற்று.

தொடர் அறுந்த நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள்

பழுது எங்கே இருந்தது என்று சந்தேகமாகவே இருந்தால், தோல்வி நின்ற ஆட்டத்தின் அட்டையை எடுங்கள். 2022 ஏஞ்சல்ஸுக்கு ஓத்தானி வந்து ஏழு இன்னிங்ஸ் வீசினார், கூடவே ஹோம் ரன்னும் அடித்தார். 1961 ஃபில்லீஸுக்கு ஜான் பஸார்ட். 23 தோல்விக்கு முந்தைய கடைசி வெற்றியும் அவருடையதே. ஆகஸ்ட் 20 அன்று மில்வாக்கியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், முதலாவதும் தோல்வி. இரண்டாவதில் பஸார்ட் ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 7-4 என்று முடித்தார்.

சிபா லோட்டேவுக்கு ஜூலை 9, அதே கோபே. வீசியவர் கொமியாமா சதோரு. நன்றாக வீசினார் என்று சொல்ல முடியாது, ஆறு ரன் கொடுத்தார். வேறெந்த வாரத்திலும் நடுவிலேயே கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார்கள். அன்று புல்பென்னிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி அவுட் வரை மேட்டில் அவரே நின்றார். லோட்டே 9, ஒரிக்ஸ் 6.